முன்பல் இரண்டு

டிசம்பர் 19, வியாழன்

ஊர் என்னிடம் இரண்டு பல் கேட்கிறது. அதுவும் முன்பல். கடைவாய்ப் பல் கேட்டிருந்தால் சொத்தையாய் இரண்டு சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாயைத் திறந்து காட்டியிருப்பேன்.

ஏட்டம்மா, "நடக்குறதைத் தேதி போட்டு எழுதி வையி, யாராவது மேல கை வச்சா அந்த நிமிசமே எனக்குப் போன் போடு" என்று ஸ்டேஷனில் சொன்னீர்களே, அதன்படி இன்றைக்கு ஆரம்பித்துவிட்டேன். இந்த டைரி உரக்கடைக்காரர் போன வருசம் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் பூச்சிமருந்துப் படம். அதற்குக் கீழே என் கதையை எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

பெயர் சுடலைவடிவு. ஊருக்கு வடிவு. வயது ஐம்பத்தொன்று, ஆதாரில் நாற்பத்தெட்டு. அதற்காக என் மேல் வழக்குப் போட்டுவிடாதீர்கள். படிப்பு நாலாம் வகுப்பு. வீட்டுக்காரர் தவசி வடக்கே நாக்பூர் பக்கம் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. நீ ஒருத்தியே நாலு பிள்ளைக்குச் சமம் என்று அவர் சொல்வார். அப்பா கூலி வேலை பார்த்தார். அவரைப் பற்றி வேறு ஒன்றும் இல்லை.

விசயம் இதுதான். நூறு நாள் வேலையில் ஓடைக்கரை முள் வெட்டுகிறோம். தண்ணீர் கொடுக்கிற வேலை எனக்கு. குடமும் சொம்புமாக ஆள் ஆளாய்ப் போவேன், போகிற இடமெல்லாம் யாரையாவது கேலி பண்ணுவேன். தண்ணீருக்குக் கூட உப்பு வேண்டுமே. போன மாசம் என் சிநேகிதி முப்பிடாதிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள் அவள் மருமகள் மாரிச்செல்வி. ஐந்து மாசம். நான் சொன்னேன்:

"ஏட்டி மாரி, இது பிள்ளையா, ஒங்க மாமியா கிண்டுன உளுந்தங்களி வாயுவா? ஒரு ஏப்பம் விட்டா எறங்கிரும் போலிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். மாரியும் சிரித்தாள். முப்பிடாதிதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். நாலாம் நாள் கரு கலைந்துவிட்டது.

முப்பிடாதி பக்கத்து ஊர்க் கோடாங்கி வேலாண்டியிடம் குறி கேட்கப் போனாள். அவர் வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, பல்லு எடுப்பான பொம்பளை, தண்ணி குடுக்குற கை, கருநாக்கு, செய்வினை என்று நாலையும் சொன்னார். என் பெயரையும் வீட்டு நம்பரையும் மட்டும்தான் சொல்லவில்லை. பரிகாரம்: முன்பல் இரண்டையும் பிடுங்க வேண்டும். பல் போனால் மந்திரம் வாயில் உருளாது, காற்றாய்ப் போய்விடும். இது இன்று நேற்று வந்த பேச்சில்லை. அந்தக் காலத்தில் மந்திரவாதி பிடிபட்டால் முதலில் பல்லைத்தான் உடைப்பார்களாம்.

ஊர்க் கூட்டம் போட்டுத் தை பிறப்பதற்குள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். பல் தராவிட்டால் எனக்கு ஊரில் இடமில்லை. தர மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

வேலைக்குப் போனேன். இருபத்தெட்டுப் பெண்கள். இருபத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் யாராவது பாட்டில் கொண்டுவந்தால், கலெக்டர் பெண்டாட்டி வந்திருக்கா, நாற்காலி போடு என்று சொல்வேன். இன்று ஊரெல்லாம் கலெக்டர் பெண்டாட்டிகள்.

முப்பிடாதி முதுகைக் காட்டிக்கொண்டு முள் வெட்டினாள். மயில்கழுத்து நிறச் சேலை, அரக்குக் கரை. போன மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூரில் இரண்டு பேரும் ஒன்றுபோல எடுத்தோம். இரட்டைப் பிள்ளைகள் வந்திருக்கு என்று கடைக்காரரே கேலி பண்ணினார். நல்ல சேலையை முள்ளு வெட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேறு சேலை துவைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கென்ன.

டிசம்பர் 21, சனி

குடம் நிறைந்தே போனது, நிறைந்தே வந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஊர்த்தலைவர் சண்முகையா அண்ணாச்சி அவரிடம் பேசியிருக்கிறார்.

"ரெண்டு பல்லுதானட்டி" என்றார். "எடுத்துட்டா சோலி முடிஞ்சது. நான் வரும்போது தங்கத்துல கட்டிப் போடுதேன்."

"தங்கப் பல்லுல மந்திரம் இன்னும் நல்லா உருளுமாம், தெரியுமா?"

"வெளயாடாதட்டி. ஊர எதுத்துக்கிட்டுத் தனியா எப்படி இருப்ப?"

"நீரு இருவது வருசமா நாக்பூர்ல இருக்கீரு. நான் தனியா இருக்கது ஒமக்கு இப்பந்தான் தெரியுதோ?"

அவருக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அது பொய். அரவை மில்காரர் என் அரிசியை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், வீட்டில் மாவு இல்லை. இதை அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். சோறு இருக்கிறது, பயப்படாதீர்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று நடந்ததைப் படிக்கும்போது ஸ்டேஷனில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

சண்முகையா அண்ணாச்சி நல்ல மனுசன். மாடு வலியில் கத்தினால்கூடப் பொறுக்க மாட்டார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்: கோடாங்கி குறடால் பிடுங்க வேண்டாம், டவுனில் பல் டாக்டரிடம் போய் ஊசி போட்டு வலிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். "ஊரு செலவுலயே பாத்துக்கலாம் தங்கச்சி" என்று சொல்லும்போது அவருக்குக் கண்ணே கலங்கியது. எனக்கு நல்லது பண்ணுகிறாராம்.

வரமாட்டேன் என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள். பல் டாக்டரை நான் பார்த்ததும் இல்லை. மினி பஸ்ஸில் அவரும் அவர் சம்சாரமும் நானும் போனோம். சம்சாரம் என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தாள். பாவம், முட்டுவலிக்காரி.

டாக்டர் சின்னப் பெண். படுக்கிற நாற்காலியில் என்னைப் படுக்கவைத்து விளக்கைப் போட்டாள்.

"எந்தப் பல்லும்மா வலிக்குது?"

"எனக்கு எதுவும் வலிக்கல தாயி. வலி இவியளுக்கு. பல்லு மட்டும் எங்கிட்ட இருக்கு."

அந்தப் பெண் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "முன்பல் ரெண்டையும் எடுத்துரணும் டாக்டரம்மா. வலி தெரியாம" என்றார்.

"எதுக்கு?"

"அது ஊர் விசயம்."

"பல்லு கல்லு மாதிரி இருக்கு. ஊர் விசயத்துக்கெல்லாம் எடுக்க முடியாதுங்க."

"ஒரு சீட்டாவது எழுதித் தாங்க. வேற எடத்துல காட்டுதோம்."

"என்னன்னு எழுத? பல்லு நல்லா இருக்கு, அதனால எடுக்கவும்னா?"

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று வெற்றிலைக் காவியைச் சுரண்டித் துடைத்துவிட்டாள். இப்போது கண்ணாடியில் பார்த்தால் எனக்கே கண் கூசுகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி நெடுக வாயைத் திறந்தபடியே வந்தேன்.

டிசம்பர் 30, திங்கள்

டாக்டர் எடுக்காததும் என் செய்வினைதான் என்று கோடாங்கி சொல்லிவிட்டார். டாக்டர் கையையே கட்டிப்போட்டேனாம். ஜனவரி பன்னிரண்டு ஞாயிறு, உச்சிப் பொழுதில் அவரே வருகிறார். என் வீட்டில் பொம்மை புதைந்திருக்கிறதாம். அதை ஊர் பார்க்கத் தோண்டி எடுத்துவிட்டு, பிறகு பல்.

ஜனவரி 3, வெள்ளி

முதல் பக்கத்தில் ஒரு பொய் எழுதிவிட்டேன். அழிக்கலாம் என்று பார்த்தேன், பூச்சிமருந்துப் படமும் சேர்ந்து அழிகிறது. அதனால் அப்படியே இருக்கட்டும்.

என் அப்பா கூலிக்காரர் இல்லை. கோடாங்கி. மாசானக் கோடாங்கி என்றால் எங்கள் பக்கத்தில் நாற்பது ஊருக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது இதை யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

உடுக்கைப் பையைச் சுமந்துகொண்டு அப்பாவோடு போவது நான்தான். அதனால் வேலாண்டி அண்ணாச்சி வித்தை எனக்கு அத்துப்படி. மை என்பது ஆமணக்கெண்ணெய் விளக்கில் பிடித்த கரி. அதை வெற்றிலையில் தடவி உற்றுப் பார்த்தால் பார்க்கிறவர் மூஞ்சிதான் மங்கலாய்த் தெரியும். கேள்வி கேட்கக் கேட்க, குறி கேட்க வந்தவர்களே ஆளைச் சொல்லிவிடுவார்கள். "பக்கத்துல இருக்கவளா?" என்பார் அப்பா. அவர்கள் மூஞ்சி மாறும். "கூடவே சிரிச்சுப் பேசுதவளா?" என்பார். அவர்களே அழுதுகொண்டு பெயரைச் சொல்வார்கள். பெயர் தெரிந்தது எப்படி என்று பிறகு ஆச்சரியப்படுவதும் அவர்களே.

பொம்மை எடுப்பது இரண்டு விதம். ஒன்று, ஈரமண்ணைக் கையில் உருட்டும்போது உள்ளங்கையில் ஒளித்து வைத்திருப்பதை அதற்குள் சேர்ப்பது. இன்னொன்று, முன்கூட்டியே ஆள் விட்டுப் புதைப்பது. வீட்டுக்குள் தாராளமாய்ப் போய்வருகிற ஆளாக இருந்தால் நல்லது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. அரிசி களைய வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

ஓடைக்கரையில் மாரிச்செல்வியைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்து நின்றாள், மாமியார் கூப்பிட்டதும் போய்விட்டாள். அவளைச் சிரிக்க வைக்க எனக்கு எட்டுக் கேலி தோன்றியது. எட்டையும் விழுங்கிவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கொல்லையைச் சுத்தம் பண்ணினேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் மண் பொதுபொதுவென்று இருந்தது. கோழி கிளறின மண் வேறு, கை கிளறின மண் வேறு. அது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. மாவுப் பொம்மை, சுண்டுவிரல் நீளம். வயிற்றில் ஏழு குண்டூசி. கூடச் சின்னச் செம்புத் தகடு. எல்லாவற்றையும் ஒரு துண்டுத் துணியில் சுற்றிக் கறுப்பு நூலால் கட்டியிருந்தது.

துணி மயில்கழுத்து நிறம். ஓரத்தில் அரக்குக் கரை.

இந்த நிறத்தில் எத்தனையோ சேலை இருக்கும். என்னிடமே ஒன்று இருக்கிறது. பெட்டியைத் திறந்து எடுத்து விரித்துப் பார்த்தேன். முழுசாய்த்தான் இருந்தது.

புதைத்தது யாரென்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது ஏட்டம்மா. தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள். பொம்மையையும் துணியையும் அடுப்பில் போட்டுவிட்டேன். சேலைத் துணி கருகினால் பொல்லாத புகை வரும், அதுதான் கண்ணெல்லாம் இப்படி இருக்கிறது.

ஜனவரி 11, சனி

கடையில் ஒரு குளியல் சோப்பு வாங்கினேன். கடைக்காரர் கையில் தராமல் பலகையில் வைத்தார். வேலாண்டி அண்ணாச்சிக்காகத்தான், நல்ல வாசனையாப் பாத்துக் குடுங்க என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

எழுத்து கோழிக்கிறுக்கலாக இருந்தாலும் பொறுத்துப் படியுங்கள்.

உச்சிப் பொழுதுக்கு ஊரே என் கொல்லையில் நின்றது. என் வீட்டுக்கு இத்தனை பேர் வந்தது கல்யாணத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான். சண்முகையா அண்ணாச்சிக்கு மட்டும் நாற்காலி. வேலாண்டிக் கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டு வந்தார். தோளில் மஞ்சள் பை. பைக்குள்ளே குறடின் மூக்கு தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றேன். "பல்லு வெளக்கிட்டு ரெடியா இருக்கேன்."

அவர் கண்ணை மூடி, உடம்பை முறுக்கி, கொல்லையை மூன்று சுற்றுச் சுற்றினார். துவைகல்லுக்குப் பக்கத்தில் போனதும் உடுக்கை நின்றது. குனிந்து மண்ணை அள்ளினார். ஒரு கை. இரண்டு கை. மூன்றாவது கையில் பளபளவென்று ஒரு பொட்டலம் வந்தது. தூக்கிக் காட்டிவிட்டுத்தான் என்னவென்று பார்த்தார். சோப்பு. உறையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல கையக் கழுவுங்க அண்ணாச்சி" என்றேன். "அப்புறம் தோண்டலாம். உள்ளங்கைல என்னத்தையாவது ஒட்ட வச்சிருந்தா போயிரும்லா."

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பத்துப் பேர். நாற்காலியில் அண்ணாச்சிகூட மீசையைத் தடவிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வேலாண்டி லேசுப்பட்டவர் இல்லை. சோப்பைக் கீழே போட்டுவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"எல்லாரும் சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு ஒன்னு யோசிங்க. நான் எந்த எடத்துல தோண்டுவேன்னு யாருகிட்டயும் சொல்லல. இவளுக்கு எப்படித் தெரிஞ்சது? பொதச்சவளுக்குத்தான எடம் தெரியும்?"

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. முன்னால் நின்ற பெண்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். வேலாண்டி அடித்தது நல்ல அடி. என் அப்பாகூட இப்படி அடித்ததில்லை.

"நீ பொதைக்கலன்னா வேற யாரு? பேரச் சொல்லு" என்றார்.

அப்போது முப்பிடாதி எங்கே நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை ஏட்டம்மா. முருங்கை மரத்தடியில், காலில் செருப்பில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாளே, அதை நான் கவனிக்கவில்லை. பெயரைச் சொன்னால் இந்தக் கூட்டம் அப்படியே திரும்பி இன்னொரு கொல்லைக்குப் போகும். குறடும் கூடப் போகும். அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"பொதச்சவ நான்தான்" என்றேன்.

கூட்டத்தில் யாரோ, தாயே மாரியாத்தா என்றார்கள்.

"இங்க இல்ல. நாப்பத்திரண்டு வருசத்துக்கு முந்தி, எங்க ஊருல. நான் மாசானக் கோடாங்கி மக. வேலாண்டி அண்ணாச்சி, அந்தப் பேர நீங்க கேட்டிருப்பீங்க."

அவர் கேட்டிருக்கிறார். முகமே சொன்னது.

அன்றைக்கு எழுத வராதது இன்றைக்கு வாயில் வந்துவிட்டது. ஆவுடையம்மாள் என்று ஒருத்தி. தனியாக இருந்து மாடு வளர்த்தவள். யாரோ வீட்டில் மாடு செத்ததற்கு அப்பா அவளைக் கை காட்டினார். அவள் மகள் பத்திரகாளி என்னோடு நாலாம் வகுப்பு. பத்திரகாளியோடு விளையாடப் போகிற மாதிரி போய், அப்பா கொடுத்த பொம்மையை அவர்கள் அடுப்படியில் புதைத்தேன். எனக்கு ஒன்பது வயசு. அந்த அம்மாள் எனக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் புதைத்தேன்.

"மறுநா எங்கப்பா அதத் தோண்டி எடுத்தாரு. ஊரே ஆன்னு பாத்துச்சு. அப்புறம் ரெண்டு பேரு தலையப் பிடிச்சுக்கிட, கொறடு போட்டு முன்பல்ல எடுத்தாரு. பல்லு தரையில விழப்படாதாம். அதுக்கு ஒரு சொம்பப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நான்தான். ரெண்டு தடவ 'டங்கு டங்கு'ன்னு விழுந்துச்சு. அந்தம்மா அப்புறமும் நாலு வருசம் அங்கதான் இருந்தா, வாயப் பொத்திக்கிட்டு. நான் அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போவல. பத்திரகாளிக்குப் பக்கத்துல எப்படி ஒக்கார?"

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. கேலியாக ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"பல்லுக்குப் பல்லு குடுக்கணும்னா அந்த ஆவுடையம்மாளுக்குத்தான் நான் கடன்பட்டவ. அவ வந்து கேட்டா இந்தக் கொறட வாங்கி நானே எடுத்துக் குடுப்பேன். ஒங்களுக்குத் தர மாட்டேன். எனக்கு மந்திரமும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் பொம்மை எங்கேருந்து வருதுங்கிறதுதான். எவனாவது தொட்டா, ஒத்தப் பல்லு போனாலே கொடுங்காயம்னு ஏட்டம்மா சட்டம் சொல்லியிருக்காவ. வாங்க பாப்போம்."

யாரும் வரவில்லை. போகவும் இல்லை.

மாரிச்செல்விதான் முன்னால் வந்தாள். மாமியார் கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டு வந்தாள்.

"அப்ப எம்பிள்ள எதுக்குப் போச்சு?"

"தெரியல தாயி" என்றேன். "நான் சொன்ன கேலி தப்பு. வயித்துப் பிள்ளய வச்சுச் சொல்லியிருக்கப்படாது. அதுக்கு எத்தன தடவன்னாலும் ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கேன். கால்ல வேணும்னாலும் விழுதேன். ஆனா எம்பல்லு ஒம்பிள்ளய எடுக்கல."

அவள் என்னைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரில சொன்னாவ. கர்ப்பப்பை வாசல் பலமில்லயாம். அடுத்த தடவ மூணாம் மாசமே தையல் போட்டுட்டா தங்கிருமாம். அத்ததான் வெளிய சொல்லாதன்னாவ. குறையுள்ள வயிறுன்னு சொல்லி ஒன்னய ஒங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவானுவ, செய்வினைன்னா ஒன்னய யாரும் குத்தம் சொல்ல மாட்டாவன்னு. நானும் இருந்துட்டேன்."

அப்போது முருங்கை மரத்தடியில் ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது யாரென்று நான் எழுதவில்லை.

சண்முகையா அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். "வேலாண்டி, பையத் தூக்கும்" என்றார்.

"தலைவரே, ஊருக்குக் கேடு வரும்" என்றார் அவர்.

"வந்தா நாங்க பாத்துக்கிடுதோம். நீரு எடத்தக் காலி பண்ணும்."

அவர் போகும்போது சோப்பை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மில்காரர் அரிசியை வாங்கி அரைத்துக் கொடுத்தார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. கோடாங்கி மகளாம், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பைப்படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். காதில் விழுகிற மாதிரிதான் பேசினார்கள். பேசட்டும். ஊரை விட்டு நான் போகவில்லை.

வீட்டுக்காரரிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முழுசும் கேட்டார். பிறகு, "அடுத்த மாசம் வாரேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒன்னயப் பாக்கத்தான். எதுக்குன்னு கேக்கா" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பானை பொங்கி முடிந்ததும் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒரு முழுக் கரும்பை எடுத்தேன். இந்தத் தெருவில் கரும்பை அரிவாள் வைத்து யாரும் சீவுவதில்லை, பல்லால்தான் உரிப்பார்கள். அதிலும் முன்பல் நன்றாக இருந்தால்தான் தோகைப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாய்க் கணு வரைக்கும் உரிக்க முடியும்.

தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று வாசலுக்கு நேரே திரும்பிக்கொண்டேன். கடித்து இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். இன்னொரு இழுப்பு. சண்முகையா அண்ணாச்சி கோயிலுக்குப் போகிற வழியில் நின்று, "பைய இழு தங்கச்சி, வாய் கிழிஞ்சிரப் போவுது" என்றார்.

"கிழிஞ்சா தையல் போட்டுக்கலாம் அண்ணாச்சி. பல்லுதான் ஒட்டாது."

மாரிச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்துப் புதுச் சேலை கட்டியிருந்தாள். ஒரு துண்டை உரித்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே, "அத்தே, ஒன்னு சொல்லுங்க, சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

"ஒன் சேல நல்லா இருக்குட்டி. சோளக்கொல்லைல நட்டு வச்சா ஒரு குருவி வராது."

சிரித்தாள். கொஞ்சமாகத்தான், ஆனால் சிரித்தாள். போகும்போது, உரித்து வைத்திருந்ததில் இன்னொரு துண்டை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். அவளுக்குப் பல் நன்றாக இருக்கிறது, வேண்டுமென்றால் அவளே உரித்துக்கொள்வாள். அவள் வீட்டில் முன்பல் ஆடுகிற ஆள் ஒருத்திதான். வருசா வருசம் அவளுக்கு நான்தான் உரித்துக் கொடுப்பேன். யாருக்கென்று மாரியிடம் நான் கேட்கவில்லை. அந்தத் துண்டு சின்னதாக இருந்தது. அதை வைக்கச் சொல்லிவிட்டு, அடிக்கரும்பாய்ப் பார்த்து, நல்ல இனிப்பான இடத்தில் கடித்தேன்.